மேலத்தெருவில் ஒரு கார்

மலைச்சாமி வாடகைக் கார் பேசிவிட்டு வந்திருப்பதாகச் சொன்னதும் ஜெயக்கொடி முறத்தைக் கீழே வைத்தாள். தன் கல்யாணத்துக்கே மாட்டு வண்டியில் வந்த மனிதன். பஞ்சாலைக்குச் சைக்கிளில் போய்ச் சைக்கிளில் திரும்புகிறவன். ஆரப்பாளையம் ஸ்டாண்டில் கார் நிற்கிற பக்கமே பார்க்காதவன்.

"என்னத்துக்குக் காரு? பஸ்ஸு ஓடலையாக்கும்?"

"அக்காவுக்கு முழங்கால் வலி."

"முந்தாநாள் திருப்பரங்குன்றத்துல அம்புட்டுப் படியும் ஏறி இறங்குச்சு உங்கக்கா. நான்தான் பாதியில உக்காந்தேன்."

"ஏறுனதுனாலதான வலி."

அடுப்படியில் நின்று தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த மகள் செல்லக்கிளி திரும்பாமலே சொன்னாள். "காருன்னா செருப்பக் கழட்ட வேண்டாம். அதுக்குத்தாம்மா காரு."

மலைச்சாமி வாசலை எட்டிப் பார்த்தான். வெளியே பொதுக்குழாயில் குடம் நிறைந்துகொண்டிருந்தது. நல்லவேளை, விருந்தாளிகள் மூன்று பேரும் தெருமுனையில் பருத்திப்பால் குடிக்கப் போயிருந்தார்கள்.

விருந்தாளிகள் என்றால் மலைச்சாமியின் அக்காள் முனியாயி, அவள் மகன் தனபாலன், அவன் மனைவி லெட்சுமி. மலேசியாவிலிருந்து வந்தவர்கள். பினாங்கில் கப்பல் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கி, மைலோ டப்பாவும் கோடாலித் தைலமும் பூப்போட்ட கைலிகளுமாக மதுரை வந்து சேர்ந்திருந்தார்கள். ஒரு அறையும் அடுப்படியும் உள்ள வீட்டில் ஆறு பேர். இரவில் ஆண்கள் இரண்டு பேரும் வாசலில் கயிற்றுக்கட்டில் போட்டுப் படுத்தார்கள்.

முனியாயி ஊரை விட்டுப் போன கதை அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை. சண்டையின்போதும் காய்ச்சலின்போதும் துண்டு துண்டாக வெளியே வந்த கதை. கல்யாணமாகி மூன்றாம் மாதம் முனியாயியின் புருஷன் திருமங்கலம் சந்தையில் ஒரு ஜோடி செருப்பு வாங்கினான். அதைப் போட்டுக்கொண்டே மேலத்தெரு வழியாக வீட்டுக்கு வந்தான். குடிக்கவில்லை, வீம்பும் இல்லை. சித்திரை வெயில், கால் சுட்டது, அவ்வளவுதான். மேலத்தெருக்காரர்கள் அவனைப் பிடித்துக் கட்டிவைத்து அடித்தார்கள். அடித்த பிறகு அந்தச் செருப்பையே தலையில் வைத்துத் தெருவைச் சுற்றிவரச் செய்தார்கள். முனியாயி பார்த்துக்கொண்டு நின்றாள். சின்னப் பையனான மலைச்சாமி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த மாதமே கூலிக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணியிடம் பேர் கொடுத்துப் புருஷனும் பெண்டாட்டியும் மலேயாவுக்கு, ரப்பர் பால்மரக் காட்டுக்குப் போய்விட்டார்கள். "செருப்போட நடக்கலாம்னு என்னைக்கு ஆகுதோ அன்னைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாற்பது வருஷத்துக்கு மேல் வரவில்லை. போன வருஷம் அவள் புருஷன் செத்துப்போனான். கூடப் பிறந்தது ஒரே ஒரு அக்காள்; அதையும் பார்க்காமலே போய்விடுவோமோ என்று மலைச்சாமிக்குப் பயம் வந்துவிட்டது. "ஊரெல்லாம் மாறிப்போச்சுக்கா. இப்ப யாரும் ஒண்ணும் கேக்குறதில்ல. தாராளமா வா" என்று எழுதிப் போட்டான்.

ஊர் மாறவில்லை. கரண்ட் வந்தது, பஸ் வந்தது, மேலத்தெருவுக்கு இரண்டு டிராக்டர் வந்தது. மலைச்சாமி ஊருக்குப் போகும்போதெல்லாம் பள்ளிக்கூடம் தாண்டியதும் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வான். கேட்டால், "கழட்டச் சொல்லி ஒருத்தனும் சொல்றதில்ல" என்பான். அது நிஜம்தான். சொல்ல வேண்டிய வேலையை மேலத்தெருக்காரர்களுக்கு யாரும் வைத்ததில்லை. செல்லக்கிளி காலேஜில் சேர்ந்த வருஷத்திலிருந்து ஊருக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கல்யாணத்துக்கும் வரமாட்டாள், சாவுக்கும் வரமாட்டாள். பி.ஏ. படித்தால் இப்படித்தான் திமிர் வரும் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

"அத்தைகிட்ட உள்ளதச் சொல்லிருங்கப்பா" என்றாள் இப்போது.

"சொன்னா?"

"ஒண்ணு வராது. இல்லாட்டித் தெரிஞ்சே வரும். ரெண்டுல எதுன்னு அத்தைதான் முடிவு பண்ணணும். நீங்க பண்ணக் கூடாது."

"அதுக்கு வயசாகிப்போச்சு. வந்துச்சா, சாமியக் கும்பிட்டுச்சான்னு சந்தோசமாப் போகட்டும்."

"அப்ப நீங்க செருப்போட நடங்க. நானும் கூட வாரேன். என்ன செஞ்சிருவாங்கன்னு பாப்போம். இது என்ன அந்தக் காலமா?"

"ஒன்னைய ஒண்ணும் செய்ய மாட்டான். என்னையும் செய்ய மாட்டான். நான் மில்லுக்காரன், சாயங்காலம் மதுரைக்குப் பஸ் ஏறிருவேன். சோலை எங்கிட்டுப் போவான்?"

சோலை மலைச்சாமியின் சித்தப்பா மகன். ஊரில் மிஞ்சியிருக்கிற ஒரே பங்காளி.

"அவன் பொண்டாட்டி யாரு காட்டுல பருத்தி எடுக்குறா? அவன் ஆடு யாரு வரப்புல மேயுது? நம்ம விறைப்பா நடந்துட்டு வந்துருவோம் தாயி. மறுநா வந்து கேக்குறதுக்கு அவன்தான அங்க இருக்கான்."

செல்லக்கிளி சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அடங்கவில்லை. "அப்பச் சோலைச் சித்தப்பா ஆயுசுக்கும் கழட்டிக்கிட்டே கெடக்கணுமா?"

மலைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டான்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றாள் ஜெயக்கொடி. "அவுக வாராக."

நாலைந்து நாளாக மலைச்சாமி அவர்களுக்கு மதுரையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். மில்லில் லீவு போட்டிருந்தான். பிழைக்க வந்து இத்தனை வருஷமாகியும் மதுரையை அவன் பார்த்ததில்லை. பார்க்க நேரம் இருந்ததில்லை. திருமலை நாயக்கர் மகாலுக்குள் அவனும் இப்போதுதான் நுழைகிறான். தூணைக் கட்டிப்பிடிக்க எத்தனை ஆள் வேண்டும் என்று தனபாலன் கேட்டதும், தெரிந்தவன் போல "நாலு பேரு" என்று சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது கையை விரித்து அளந்து பார்த்தான்.

போகிற இடமெல்லாம் கோபுரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு லெட்சுமியைப் பார்த்தார்கள். அவள் பிறப்பில் சீனத்தி. பிறந்த மாதமே பெற்றவர்கள் கொடுத்துவிட்ட பிள்ளையை எஸ்டேட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் எடுத்து வளர்த்தது. அந்தப் பக்கத்தில் இது பெரிய விஷயமில்லை. முகம் சீனத்து முகம், நெற்றியில் குங்குமம், வாயில் எஸ்டேட் தமிழ். மீனாட்சி கோயிலில் கொடிமரத்துப் பக்கம் வேற்று மதத்தாரை நிறுத்துகிற கோயில் ஊழியர் தயங்கி, "அம்மா, நீங்க..." என்று இழுத்தார்.

"நான் லெட்சுமிங்க. வருசா வருசம் மாரியாத்தாவுக்குப் பால்குடம் எடுக்கிறவதான்லா."

அவர் சிரித்துக்கொண்டே வழிவிட்டார். புது மண்டபத்தில் தையல்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "சைனாக்காரி தமிழ் பேசுதுடா மாப்ள" என்றான் ஒருவன். "ஒங்கள விட நல்லாவே பேசுவேன் அண்ணே. ஜாக்கெட்டு ஒழுங்காத் தைச்சுக் குடுங்க" என்றாள் லெட்சுமி. மண்டபமே சிரித்தது. செல்லக்கிளியும் சிரித்தாள். மகள் சிரித்துப் பார்த்து வெகு நாளாயிற்று என்று ஜெயக்கொடி நினைத்துக்கொண்டாள்.

லெட்சுமிக்குப் பிடிபடாமலே இருந்தது ஒரே ஒரு சங்கதி. எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், எங்கே வேண்டாம் என்பது. கோயிலில் கழற்றினாள், சரி. மகால் படியிலும் கழற்றினாள். "இது அரமனைம்மா, போட்டுக்கிட்டே போங்க" என்றார் காவல்காரர். நகைக்கடை வாசலில் எல்லாரும் கழற்றிப் போட்டிருக்க, இவள் போட்டுக்கொண்டே உள்ளே போய் முறைப்பு வாங்கினாள். கடைசியில் தன் வசதிக்கு ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாள். "இனிமே அத்தைய மட்டும் பாப்பேன். அத்தை கழட்டுனா நானும் கழட்டுறேன். வம்பே இல்லை."

"இந்த ஊர்ல செருப்பக் கழட்டி மாட்டுறதுலயே பாதி நாளு போயிரும்டி" என்றாள் ஜெயக்கொடி.

நேற்று தெப்பக்குளத்துக்குப் போயிருந்தார்கள். குளத்தில் தண்ணீர் இல்லை. நடு மண்டபத்தைப் பார்க்க மற்றவர்கள் உள்ளே இறங்கி நடந்துவிட்டார்கள். அக்காளும் தம்பியும் சுற்றுச்சுவரில் உட்கார்ந்தார்கள். வாங்கி வந்த மாங்காய்ப் பத்தையை முனியாயி மிளகாய்ப்பொடி உதறிவிட்டுக் கடித்தாள்.

"அங்கன எப்படிக்கா? காலுக்கு?" என்று கேட்டான் மலைச்சாமி. எப்படி ஆரம்பிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"மொத ரெண்டு வருசம் வெறுங்காலுதான். பால் வெட்டப் போனா அட்டை கடிச்சுக் காலெல்லாம் ரத்தம். அப்பறம் எஸ்டேட்டுத் தொரை ரப்பர் சப்பாத்து குடுத்தான், பூட்ஸு மாதிரி. ஒங்க மச்சான் அதப் போட்டுக்கிட்டு லயத்த, அதான் கூலிக வீட்டு வரிசைய, சுத்திச் சுத்தி வந்தாரு. கோட்டி பிடிச்ச மாதிரி. சோறு திங்கவும் வரல."

மலைச்சாமி சிரிக்கலாமா என்று யோசித்தான்.

"அங்க மேலத்தெருக்காரன் இல்லையாக்கா?"

"ஏன் இல்ல? நான் கப்பலேறையிலயே அவனும்தான் கூட ஏறுனான். லயத்துக் குழாயில அவனுக்கு ஒரு நேரம், நமக்கு ஒரு நேரம். ஆனா வெள்ளனப் பேர் கூப்பிடுறப்ப எல்லாரும் ஒரே வரிசை. தொரைக்கு எல்லாப் பயலும் கூலிதான். அந்த ஒரு எடத்துல மட்டும் ஒங்க மச்சான் நெஞ்ச நிமித்திக்கிட்டு நிப்பாரு."

மாங்காய்த் தோலைத் தூர எறிந்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தாள். "அந்தத் தெருவப் பத்தி மனுசன் ஒரு நாளும் பேசுனதில்லடா. அம்புட்டு வருசத்துல ஒரு வார்த்தை இல்ல. பிள்ளைக்கும் சொல்ல விடல. எனக்கு அதான் பொறுக்கல. மேலத்தெருவுல நான் நடக்கணும். இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும், செருப்புப் போட்டு. அப்பறம் சாமிக்கு ஒரு பொங்கல வச்சுட்டுக் கப்பலேறுறேன். இதுக்குத்தான் வந்தேன். கோயிலு குளமெல்லாம் மகனுக்கும் மருமகளுக்குமாக."

"நடக்கலாம்க்கா" என்றான் மலைச்சாமி. வேறு என்ன சொல்வான். எழுதிக் கூப்பிட்டவன் அவன்தான்.

அதைக் கேட்டுவிட்டுத்தான் இன்று காலை கார் பேசப் போனான். மேலத்தெருவைத் தாண்டித்தான் கோயில். வாசல்வரைக்கும் கார் போகும். காருக்குள் இருப்பவர்கள் காலில் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. அக்காள் தெருவையும் கடந்தாளாகிவிடும், செருப்பும் காலில் இருந்ததாகிவிடும்.

பருத்திப்பால் குடித்துவிட்டு வந்த முனியாயி கார் என்றதும் தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தெருவுல நான் நடக்குறேன்னுல்ல சொன்னேன்."

"பானை, வெறகு, அரிசின்னு சாமான் கெடக்குல்லக்கா. போகையில கார்ல போயிருவோம். திரும்பி வாரப்ப நடந்துக்கலாம்."

"வாரப்பவா?"

"ஆமா."

அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். செல்லக்கிளி வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். குழாயடியில் வாளியை வைத்த வேகத்தில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் கிளம்பினார்கள். முன்சீட்டில் டிரைவரோடு மலைச்சாமியும் தனபாலனும். பின்னால் பெண்கள் நாலு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பொங்கல் பானை ஜெயக்கொடியின் மடியில். செல்லக்கிளி வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கேட்காமலே வந்து ஏறிக்கொண்டாள்.

திருமங்கலம் தாண்டியதும் மண் கறுத்தது. மாசிக் கடைசி. வெயில் ஏறுவதற்கு முன்பே பெண்கள் காட்டில் இறங்கியிருந்தார்கள். சேலையை மடித்து வயிற்றுக்கு முன்னால் பெரிய மடியாகக் கட்டிக்கொண்டு, குனிந்த முதுகோடு வரிசையாக நகர்ந்தார்கள்.

"வெள்ளை வெள்ளையா என்னா பூவு அது?" என்றாள் லெட்சுமி.

"பூ இல்ல தாயி, பருத்தி" என்றான் மலைச்சாமி. காலையிலிருந்து அப்போதுதான் அவன் குரல் தெளிந்தது. "இவுக இங்க எடுக்குறத நான் மில்லுல நூலாக்குறேன். பாதி நூலாகும். மீதி என் மூக்குல போகும்."

"சளியத் துப்புனா சட்டை தைக்கலாம்" என்றாள் ஜெயக்கொடி. கார் முழுக்கச் சிரித்தார்கள். டிரைவரும் சிரித்தான்.

கல்லுப்பட்டியில் நிறுத்தி டீ குடித்தார்கள். எல்லாரும் கண்ணாடிக் கிளாசில்தான் குடித்தார்கள். முனியாயி தன் கிளாசை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுக் குடித்தாள். "மாறித்தான் இருக்கு" என்றாள். மலைச்சாமி காசு கொடுக்கப் போனான். ரோட்டோரத்துக் கடையில் மாறுவது ஒன்று, ஊருக்குள் மாறுவது வேறு. அது அங்கே நின்ற ஆறு பேரில் மூன்று பேருக்குத் தெரியும்.

ஊர்ப்பெயர் வேண்டாம். கல்லுப்பட்டி ரோட்டிலிருந்து உள்ளே திரும்ப வேண்டும். கருவேல மரங்கள், கண்மாய், பிறகு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் தாண்டியபோது மலைச்சாமிக்குக் காலடியில் ஏதோ குறைவது போலிருந்தது. குனிந்து பார்த்தான். கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் கால் இரண்டும் செருப்பை விட்டு வெளியே வந்திருந்தன. அவன் சொல்லி வரவில்லை. மறுபடியும் உள்ளே நுழைத்துக்கொண்டான்.

மேலத்தெரு முனையில் டிரைவர் காரை நிறுத்தினான்.

"அண்ணே, இதுக்கு மேல போகாது."

தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். காதுகுத்து. வாழைமரமும் தென்னங்கீற்றும் கட்டி, மைக்செட் வைத்து, ஒரு பக்கம் மடக்கு நாற்காலிகள், இன்னொரு பக்கம் சாப்பாட்டுப் பந்தி. மேலத்தெரு முழுக்க அங்கேதான் இருந்தது. கறிக்குழம்பு வாசம் காருக்குள் வந்தது.

சோலை கண்மாய்ப் பக்கமாகச் சுற்றி ஓடிவந்து கார் ஜன்னலைப் பிடித்தான். வெறுங்கால். "நேத்துச் சாயந்தரந்தேன் பந்தல் போட்டாகண்ணே. சொல்லிவிட ஆளு கெடைக்கல."

"சரி, கண்மாய்க்கரை வழியா நடந்துருவோம்க்கா" என்றான் மலைச்சாமி. "சுத்துதான். ஆனா நெழலா இருக்கும்."

கண்மாய்க்கரை அவர்களுக்கென்று காலங்காலமாக இருக்கிற வழி. முள் கிடக்கும். மேலத்தெருக்காரர்கள் வெளிக்குப் போகிற இடம்.

"எதுக்குக் கண்மாய்க்கரை?" என்றாள் முனியாயி. "இந்தா, தெரு இருக்குல்ல."

கதவைத் திறந்துகொண்டு அவளே முதலில் இறங்கினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். இதற்கென்றே வாங்கிய புதுச் செருப்பு, குதிகாலில் வார் வைத்தது. கார்க் கதவைப் பிடித்தபடி தெருவை ஒரு முறை நீளமாகப் பார்த்தாள். பிறகு நடந்ததுதான் யாரும் நினைக்காதது. அவளுடைய வலது கால் பெருவிரல் இடது காலின் வாரைத் தள்ளிவிட்டது. இடது கால் வலது காலின் வாரைத் தள்ளிவிட்டது. குனிந்து இரண்டையும் ஒரு கையால் எடுத்து முந்தானைக்குள் செருகிக்கொண்டாள். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கண் இன்னும் தெருவின் அந்தக் கடைசியையே பார்த்துக்கொண்டிருந்தது.

மலைச்சாமி மறுபக்கம் செருப்போடு இறங்கி நின்றான். வெளிநாட்டு ஆட்களை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், போட்டுக்கொண்டே நடந்துவிடுவோம் என்று இறங்குகிற அந்த நொடியில்தான் முடிவு பண்ணியிருந்தான். அக்காளின் காலைப் பார்த்தான்.

"ஓ, இங்கயும் கோயிலா அத்தை?" என்றாள் லெட்சுமி. அவள் பழகிய பழக்கப்படி சிலிப்பரைக் கழற்றினாள். தனபாலன் கார் சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து, காலுறையைச் சுருட்டி உள்ளே வைத்தான்.

அப்போதுதான் முனியாயி தன் முந்தானைக்குள் இருப்பதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். மலைச்சாமி, "அக்கா" என்றான்.

"ஆமாத்தா" என்றாள் முனியாயி மருமகளிடம். "உள்ள கோயிலு இருக்கு. கழட்டிக்கங்க."

இத்தனை நாளும் பொய் சொன்னவன் தம்பி. இப்போது அவனைக் காட்டிக்கொடுக்காமல் அக்காளும் ஒரு பொய் சொன்னாள். அக்காள் வெறுங்காலோடு நிற்கும்போது மலைச்சாமியால் போட்டிருக்க முடியவில்லை. கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். ஜெயக்கொடி செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்கியிருந்தாள். செல்லக்கிளி மட்டும் கழற்றவில்லை. யாரும் அவளைப் பார்க்கவுமில்லை.

சோலை விறகுக் கட்டைக் காரிலிருந்து தலைக்கு ஏற்றிக்கொண்டு வெளியே நின்றுவிட, மற்றவர்கள் பந்தலுக்குள் நுழைந்தார்கள். பந்தியில் இருந்தவர்கள் முதலில் லெட்சுமியைப் பார்த்தார்கள், பிறகு தனபாலனின் கைக்கடிகாரத்தை, பிறகு எல்லாருடைய காலையும். முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிழவன் மைக்செட்டைக் குறைக்கச் சொல்லிக் கையைக் காட்டினான்.

"யாரு, மலைச்சாமியா?"

"ஆமாய்யா."

"இது யாரு? மலேயா போனாளே, அவளா?"

"ஆமாய்யா. அக்கா. இது மகன், மருமக."

"வா புள்ள. நல்லாருக்கியா?" கிழவன் குரலில் நிஜமாகவே பிரியம் இருந்தது. செல்லக்கிளியின் செருப்பைப் பார்த்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களிடம் திரும்பினான். "பாத்துக்கங்கடா. கடல் தாண்டிப் போயிக் காசு பணமாக் குவிச்சாலும் மரியாதை மறக்கல பாரு. எப்படிப் போனாளோ அப்படியே வந்துருக்கா. இங்கன இருக்குற இளவட்டங்களுக்கு இது வருமா? பழைய ஆளுக பழைய ஆளுகதான்."

புகழ்ச்சி என்று மட்டும் தனபாலனுக்குப் புரிந்தது. கையில் சப்பாத்தோடு பணிவாகச் சிரித்தான். "அம்மா அங்கயும் அப்படித்தாங்க. கோயிலுன்னா கழட்டிப்புடணும்ல."

"கோயிலா?"

"உள்ள கோயில் இருக்குன்னு சொன்னாங்க."

கொஞ்ச நேரம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு பந்தியில் ஒருவன் சிரித்தான். "டேய், நம்ம தெருவக் கோயில்ங்கிறான்டா." இலைக்கு இலை சிரிப்புப் பரவியது. பரிமாறிக்கொண்டிருந்தவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். தனபாலனும் கூடச் சேர்ந்து சிரித்தான். பாதியில் நிறுத்தினான்.

"மாமா, கோயில் இல்லையா?"

மலைச்சாமி பந்தலின் கீற்றைப் பார்த்தான்.

"இல்ல அத்தான்" என்றாள் செல்லக்கிளி. "கோயிலு ஊருக்கு அந்தாண்ட இருக்கு. இந்தத் தெருவுல நம்ம ஆளுக..."

"நீ சும்மா இரு தாயி" என்றாள் முனியாயி. "இது நான் சொல்ல வேண்டியது."

மகன் பக்கம் திரும்பினாள். சந்தையில் காய்கறி விலை சொல்வது போலச் சொன்னாள். "கோயில் இல்லப்பா. ஒங்கப்பா இந்தத் தெருவுல ஒரு நா செருப்புப் போட்டு நடந்தாரு. அதுக்கு அவரக் கட்டிவச்சு அடிச்சாங்க. அதான் நாங்க கப்பலேறுனோம். போட்டுக்கிட்டு நடக்கணும்னுதான் இம்புட்டுத் தூரம் வந்தேன். வந்து நின்னதும் காலு தானாக் கழட்டிருச்சு. நாப்பது வருசமாகியும் இந்தக் காலுக்கு மறக்கல."

சிரிப்பு நின்றிருந்தது. மைக்செட்காரன் எதற்கோ பாட்டையும் நிறுத்திவிட்டான். கிழவன், "அதெல்லாம் பழைய கதை. இப்ப எதுக்கு புள்ள அது. சாப்பிட்டுப் போங்க, பின்னால எலை போடச் சொல்றேன்" என்றான்.

முனியாயி முந்தானைக்குள்ளிருந்து செருப்பை எடுத்துத் தரையில் போட்டாள். காலை நுழைத்தாள். குதிகால் வாரை ஏற்ற வேண்டும். முழங்கால் மடங்கவில்லை. இரண்டு தடவை குனிந்து பார்த்தாள். சாய்ந்துகொள்ள ஒரு மரமோ சுவரோ பக்கத்தில் இல்லை. ஓர் எட்டு தள்ளிக் காலியாக ஒரு நாற்காலி இருந்தது.

"மலைச்சாமி, அந்த நாக்காலிய இப்படி இழு."

மேலத்தெரு நாற்காலி. அவர்களில் யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. உட்கார வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. மலைச்சாமி அக்காளைப் பார்க்கவில்லை, கிழவனைப் பார்க்கவில்லை. பந்தலுக்கு வெளியே வெயிலில் விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நின்ற சோலையைப் பார்த்தான். மறுநாளும் இந்த ஊரிலேயே இருக்கப்போகிறவன் அவன். அவன் பெண்டாட்டி அந்த நேரத்தில் பந்தல்காரர்கள் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

சோலையும் அவனைப் பார்த்தான். விறகுக் கட்டைத் தலையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தான். உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

"இழுண்ணே" என்றான்.

மலைச்சாமி கையை நீட்டினான். கக்கத்திலிருந்த செருப்பு இரண்டும் நழுவித் தெருவில் விழுந்தன. நாற்காலியின் இரும்புக் கால்கள் தரையைக் கீறிக்கொண்டு வந்தன. முனியாயி உட்கார்ந்தாள். வலது கால் வார் ஏறிவிட்டது. இடது கால் பயணத்தில் வீங்கியிருந்தது. வார் பிடி கொடுக்கவில்லை. இலையில் வைத்த கையை எடுக்காமல் பந்தி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் விரலை உள்ளே விட்டு நெகிழ்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக, அவசரமில்லாமல் மேலே இழுத்தாள்.